ஆதாம் எழுதிய லீவ் லெட்டர்

நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவில் மெக்கீ தொழிற்கல்வி உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. 1958இல் அங்கே ஆங்கில ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்தார் ஃபிராங்க் மெக்கோர்ட். அயர்லாந்தின் லிமெரிக் நகரில் பட்டினியோடு வளர்ந்தவர் அவர். சிறு வயதிலேயே படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனதால் உயர்நிலைப் பள்ளியின் படியைக்கூட மிதித்ததில்லை. பின்னாளில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர்களுக்கான சலுகையில் கல்லூரியில் சேர்ந்து பட்டம் வாங்கினார். அவருக்கு வாய்த்த மாணவர்கள் குழாய் வேலை, மோட்டார் மெக்கானிக் வேலை, அழகுக்கலை என்று கைத்தொழில் கற்க வந்தவர்கள். கட்டுரை எழுதக் கற்று என்ன ஆகப்போகிறது என்று நினைப்பவர்கள். 200 சொற்களில் எழுதச் சொன்னால் பாதிப் பேர் பேனாவையே திறக்க மாட்டார்கள்.

ஒருநாள் வராத பிள்ளை மறுநாள் பெற்றோரிடமிருந்து காரணம் விளக்கும் கடிதம் கொண்டுவர வேண்டும் என்பது பள்ளியின் விதி. அந்தக் கடிதங்கள் மெக்கோர்ட்டின் மேசை இழுப்பறையில் சேர்ந்துகொண்டே இருந்தன. ஒருநாள் உட்கார்ந்து நிதானமாகப் படித்தார். பெரும்பாலானவை பிள்ளைகளே பெற்றோர் எழுதியதுபோல் எழுதிக்கொண்டு வந்தவை. அடுப்பிலிருந்து தீப்பிடித்துச் சுவரெல்லாம் எரிந்துவிட்டதாம், தீயணைப்பு வீரர்கள் விடிய விடிய வீட்டுக்குள்ளே விடவில்லையாம். இன்னொரு வீட்டில் கழிவறை அடைத்துக்கொண்டு ஊரே அல்லோலகல்லோலப்பட்டதாம். சம்பவம், திருப்பம், கெஞ்சல், நம்பவைக்கும் நுணுக்கம் எல்லாம் அவற்றில் இருந்தன. கட்டுரை எழுத வராது என்று கையை விரித்த அதே பிள்ளைகளின் கைவண்ணம்.

வேறொருவராக இருந்தால் பிள்ளைகளை நிற்கவைத்து விசாரித்திருப்பார். மெக்கோர்ட் அவற்றில் பன்னிரண்டைப் பெயர் நீக்கித் தட்டச்சு செய்து வகுப்பில் கொடுத்தார். "உங்களுக்கே 15 வயதில் ஒரு பிள்ளை இருக்கிறது. அவனுக்காக ஒரு கடிதம் எழுதுங்கள்" என்றார். அது சூடுபிடித்ததும் அடுத்ததைச் சொன்னார். ஏதேன் தோட்டத்தில் பழத்தைத் தின்றதற்குக் கடவுளிடம் ஆதாம் கொடுக்கும் விளக்கக் கடிதம். ஏவாள் கொடுக்கும் விளக்கக் கடிதம். வகுப்பில் தலைகள் குனிந்தன. மதிய உணவு மணி அடித்த பிறகும் எழுதிக்கொண்டிருந்தவர்களை நண்பர்கள் வந்து கூப்பிட வேண்டியிருந்தது. பிறகு வேறு யாருக்கெல்லாம் இப்படி ஒரு கடிதம் தேவைப்படும் என்று பட்டியல் நீண்டது. யூதாஸ் வந்தான், சிகாகோவின் தாதா அல் கபோன் வந்தான். அந்த நேரம் பார்த்துக் கல்வி அதிகாரியும் தலைமையாசிரியரும் வகுப்புக்குள் நுழைந்தார்கள். வேலை போயிற்று என்றுதான் மெக்கோர்ட் நினைத்தார். அதிகாரி பாராட்டிவிட்டுப் போனார். இதையெல்லாம் 2005இல் வெளிவந்த 'டீச்சர் மேன்' என்ற தன்வரலாற்றில் மெக்கோர்ட்டே எழுதியிருக்கிறார். அதற்கு முன் 1996இல் வந்த 'ஏஞ்சலாஸ் ஆஷஸ்' அவருக்குப் புலிட்சர் பரிசு வாங்கித் தந்திருந்தது.

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் லீவ் லெட்டர் தெரியும். பல பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதும் முதல் கடிதமே அதுதான். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்கும் அந்த வாசகம் அப்பா எழுதியது, அண்ணன் எழுதியது, இப்போது பிள்ளையும் எழுதுவது. காய்ச்சல் இல்லாதவனும் காய்ச்சல் என்றே எழுதுகிறான், ஏனென்றால் வயிற்றுவலிக்கு ஆங்கிலம் தெரியாது. மெக்கோர்ட்டின் வகுப்பில் நடந்ததும் அதே வடிவம்தான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. நம்முடைய கடிதத்தை யாரும் படிப்பதில்லை, கையெழுத்து மட்டும் போடுகிறார்கள். ஆதாமின் கடிதத்தைப் படிக்க வகுப்பு முழுக்கக் காத்திருந்தது.

உயர்நிலைப் பள்ளி ஆங்கில வகுப்பில் நடந்த நல்ல படைப்புப் பயிற்சிகள் எதை எடுத்துப் பார்த்தாலும் இந்த ஒன்று இருக்கிறது. எழுதும் பிள்ளைக்கு எதிரே ஒரு வாசகர் இருக்கிறார். சிவப்பு மையோடு காத்திருக்கும் திருத்துநரைப் போலன்றி, அந்தப் பிள்ளை என்ன சொல்லப்போகிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிற ஒருவர். அவர் இல்லாத இடத்தில் எவ்வளவு வண்ணத்தாள் ஒட்டினாலும் அது கைவேலையாகவே நின்றுவிடுகிறது. புத்தக அட்டை வரைதல், அட்டைப்பெட்டியில் நாடக அரங்கம் செய்தல், கதைமாந்தரின் படத்தைச் சுற்றி ஜிகினா ஒட்டுதல் என்று அமெரிக்கப் பள்ளிகளிலும் இப்படிப்பட்ட வேலைகள் நிறைய உண்டு. நம் வீடுகளில் இரவு 10 மணிக்கு அம்மா உட்கார்ந்து முடிக்கும் புராஜெக்ட் போலத்தான் அவையும். புத்தகத்தைத் திறக்காமலே செய்துமுடிக்கக்கூடிய எந்த வேலையும் ஆங்கில வகுப்பின் நேரத்துக்குத் தகுதியானது இல்லை.

வாசகரைத் தேடி ஒரு வகுப்பு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு ஜார்ஜியா மாநிலத்தின் மலைப்பகுதியில் ஓர் உதாரணம் இருக்கிறது. அப்பலாச்சியன் மலைத்தொடரின் தெற்கு முனையில் ரேபன் கேப் என்ற சிற்றூர். 1966இல் அங்குள்ள ரேபன் கேப் - நக்கூச்சி பள்ளியில் 9, 10ஆம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் நடத்த வந்தார் எலியட் விகின்டன். கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு நேராக வந்த இளைஞர். ஆறு வாரத்தில் வகுப்பு அவர் கையை விட்டுப் போய்விட்டது. ஒரு மாணவன் பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே அவர் குறிப்பு வைத்துப் பேசும் மேசைக்கு லைட்டரால் தீ வைக்கப் பார்த்தான். சாக்பீஸ் பெட்டி காணாமல் போனது. ஷேக்ஸ்பியர் நாடக அரங்கின் படத்தைச் சுவரில் மாட்டியிருந்த ஆணிகளும் போயின.

விகின்டன் ஒருநாள் வகுப்பில் வந்து பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஒரு பத்திரிகை தொடங்கலாமா என்று கேட்டார். பள்ளியிடம் அதற்குப் பணம் இல்லை. பிள்ளைகளே கடைவீதியில் வீடு வீடாக, கடை கடையாக ஏறி இறங்கி ஏறக்குறைய 450 டாலர் திரட்டினார்கள். பணம் கொடுத்தவர்களின் பெயரையெல்லாம் இதழில் போடுவதாக வாக்குக் கொடுத்தார்கள். பத்திரிகைக்கு 'ஃபாக்ஸ்ஃபயர்' என்று பெயர் வைத்தார்கள். மக்கிய மரங்களில் முளைத்து, அந்த மலைக்காடுகளின் இருட்டில் மெல்ல ஒளிவிடும் ஒரு பூஞ்சையின் பெயர் அது. 1967இல் வந்த முதல் இதழின் 600 பிரதிகளும் ஒரு வாரத்தில் தீர்ந்தன. மறுபடியும் 600 அச்சிட்டார்கள், அவையும் போயின.

இதழில் கவிதை, கதை எல்லாம் இருந்தன. ஆனால் ஊர் ஆவலோடு வாங்கிப் படித்தது பாட்டி, தாத்தாக்களின் பேச்சைத்தான். மரக்கட்டைகளை அடுக்கி வீடு கட்டுவது எப்படி, நட்சத்திரமும் நிலவும் பார்த்து விதைப்பது எப்படி, சாம்பல் நீரும் கொழுப்பும் சேர்த்துச் சோப்புக் காய்ச்சுவது எப்படி, பன்றியை அறுத்துப் பதப்படுத்துவது எப்படி என்று ஒவ்வொருவரிடமும் ஒரு கலை இருந்தது. பிள்ளைகள் டேப் ரெக்கார்டரும் கேமராவும் எடுத்துக்கொண்டு மலையேறினார்கள். திரும்பி வந்து, பதிவு செய்ததைச் சொல் சொல்லாக எழுத்தில் இறக்கினார்கள். எதை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது, கேட்ட பேச்சின் வாசனை போகாமல் எப்படி நிறுத்தற்குறி இடுவது என்று மணிக்கணக்காக விவாதித்தார்கள். இலக்கண வகுப்பில் காற்புள்ளிக்கும் அரைப்புள்ளிக்கும் கொட்டாவி விட்டவர்கள் இங்கே ஒரு காற்புள்ளிக்காக வாதாடினார்கள். பாட்டி சொன்னது மாறிப்போய்விடக் கூடாதே!

அந்தப் பாட்டிகளில் ஒருவர் ஏரி கார்ப்பென்டர். ஊரே 'ஆன்ட் ஏரி' என்று கூப்பிடும். வட கரோலினா எல்லைக்குள் ஒரு மரக்கட்டை வீட்டில் 80 வயதைத் தாண்டித் தனியாக வாழ்ந்தவர். வீட்டில் குழாய் கிடையாது. கிணற்றிலிருந்து நீர் சேந்தி, விறகடுப்பில் சமைத்துக்கொண்டிருந்தார். பேட்டி எடுக்கப் பிள்ளைகள் போய்க் கதவைத் தட்டிய நேரத்தில் அவர் ஒரு பன்றித் தலையை வைத்துக்கொண்டு, அதன் கண்களை எடுக்க முடியாமல் மல்லாடிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் டேப் ரெக்கார்டரை ஒருபக்கம் வைத்துவிட்டுக் கத்தியைப் பிடித்து உதவினார்கள். பேச்சு அங்கிருந்துதான் தொடங்கியது. எழுதிக்கொண்டு போன கேள்விகள் முக்கால்வாசி தேவைப்படவில்லை. வயதானவரின் கைவேலையில் பங்கெடுத்துக்கொண்டே கேட்டால் பதில் தானாக வரும் என்று அந்தப் பிள்ளைகள் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை.

இதழ்களில் வந்தவற்றைத் தொகுத்து 1972இல் 'தி ஃபாக்ஸ்ஃபயர் புக்' வெளியானது. இலட்சக்கணக்கில் விற்றது, தொடர்ந்து பல தொகுதிகள் வந்தன. 1982இல் அதை வைத்து எழுதப்பட்ட நாடகம் பிராட்வேயில் மேடையேறியது. அதில் மலைப் பாட்டியாக நடித்த ஜெசிகா டாண்டி டோனி விருது வாங்கினார். புத்தகத்தின் வருமானத்தில் மலைச்சரிவில் நிலம் வாங்கி, பழைய மரவீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தி ஓர் அருங்காட்சியகமே அமைத்துவிட்டார்கள். இத்தனைக்கும் மூலம், பாடம் படிக்க மறுத்த ஒரு 9ஆம் வகுப்பு.

இந்தக் கதையில் மறைக்கக் கூடாத ஒரு பகுதியும் உண்டு. 1992இல் விகின்டன் ஒரு சிறுவனிடம் பாலியல் அத்துமீறல் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, அதை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். ஃபாக்ஸ்ஃபயருக்கும் அவருக்கும் இருந்த தொடர்பு அத்தோடு அறுந்தது. பிள்ளைகளை நம்பி ஊர் தந்த இடத்தில் அப்படி ஒருவர் இருந்தார் என்பதை அந்த ஊர் சுமக்கத்தான் வேண்டியிருந்தது. பத்திரிகை நிற்கவில்லை. பின்னாளில் அது இடம் மாறிய ரேபன் கவுன்டி உயர்நிலைப் பள்ளியில் மாணவர்கள் அதைத் தொடர்ந்து நடத்துகிறார்கள்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு ஆங்கில ஆசிரியர்களிடம் ஒரு கலக்கம் பரவியிருக்கிறது. 'மாக்பெத்தின் பேராசை' பற்றிக் கட்டுரை கேட்டால் இயந்திரம் அரை நிமிடத்தில் எழுதித் தந்துவிடும். ஆனால் உங்கள் தெருவில் கயிற்றுக்கட்டில் பின்னும் பெரியவர் எந்த முடிச்சில் கயிற்றைத் திருப்புகிறார் என்பதை அது எழுதாது. அதைத் தெரிந்துகொள்ள அவர் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். அரை நூற்றாண்டுக்கு முன்னால் ரேபன் கேப் பிள்ளைகள் செய்த வேலை இன்றைக்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது.

ஷேக்ஸ்பியருக்கு வருவோம். ஆங்கிலம் தாய்மொழியான பிள்ளைகளுக்கே அவர் மொழி அந்நியம். அமெரிக்காவில் 9ஆம் வகுப்பில் 'ரோமியோ அண்ட் ஜூலியட்' படிப்பது வழக்கம். ஆசிரியர் வரிக்கு வரி உரை சொல்ல, பிள்ளைகள் ஓரத்தில் பொருள் எழுதிக்கொள்வது என்று பல காலம் போனது. வாஷிங்டனில் 1932இல் திறக்கப்பட்ட ஃபோல்ஜர் ஷேக்ஸ்பியர் நூலகம் இதை மாற்ற முனைந்தது. 1623இல் அச்சான ஷேக்ஸ்பியரின் முதல் பெருந்தொகுப்பின் 82 பிரதிகளை வைத்திருக்கும் இடம் அது. அவ்வளவு பெரிய பொக்கிஷத்தைப் பாதுகாக்கிறவர்கள் பள்ளி ஆசிரியர்களிடம் சொன்னது, "பென்சிலை எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுங்கள், ஷேக்ஸ்பியரை வெட்டச் சொல்லுங்கள்" என்பதுதான். பெகி ஓபிரையன் தொகுத்து 1993 முதல் வந்த 'ஷேக்ஸ்பியர் செட் ஃப்ரீ' நூல்வரிசையில் இத்தகைய பயிற்சிகள் நிறைந்திருக்கின்றன.

வெட்டும் பயிற்சி இப்படி நடக்கும். ஒரு காட்சியை நகலெடுத்து நான்கைந்து பேர் கொண்ட குழுவுக்குக் கொடுப்பார்கள். அதைப் பாதியாகக் குறைக்க வேண்டும். ஒரு சொல்லைக்கூடச் சேர்க்கவோ மாற்றவோ கூடாது, வெட்ட மட்டுமே உரிமை. முடிந்ததும் எழுந்து நின்று நடித்துக் காட்ட வேண்டும். மாடத்தில் நிற்கும் ஜூலியட்டின் பேச்சில் எதை எடுப்பது? நிலவைப் பற்றிய வரியை எடுத்துவிடலாம் என்கிறாள் ஒருத்தி. எடுத்தால் அவளுக்கு ரோமியோவின் மேல் இருக்கும் சந்தேகமே போய்விடுமே என்கிறான் இன்னொருவன். அந்த ஒரு வாக்குவாதத்துக்குள் அவர்கள் அந்தப் பத்தியை ஐந்தாறு தடவை படித்து முடித்திருப்பார்கள். உரையாசிரியர் யாரும் குறுக்கே வரவில்லை. நாடகத்திலுள்ள வசவுகளைப் பட்டியலிட்டு, வகுப்பை இரண்டு அணியாக நிறுத்தி ஒருவர்மேல் ஒருவர் வீசச் சொல்லும் பயிற்சியும் உண்டு. 400 ஆண்டுப் பழைய சொற்கள் நாக்கில் புரளப் பழகுவதற்கு அதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

நாவலை வழக்காக்கி விசாரிப்பதும் அமெரிக்க வகுப்புகளில் பெருவழக்கு. ஜான் ஸ்டைன்பெக்கின் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' 1937இல் வந்த சிறு நாவல். ஊர் ஊராகக் கூலி வேலைக்குப் போகும் இரு நண்பர்கள் ஜார்ஜ், லெனி. உடல் வலு மிகுந்த, குழந்தை மனம் கொண்ட லெனி தன்னையறியாமல் ஒரு கொலை செய்துவிடுகிறான். துரத்தி வரும் கும்பலிடம் அவன் சிக்கிச் சித்திரவதைப்படக் கூடாதென்று ஜார்ஜே அவனைச் சுட்டுவிடுகிறான். ஜார்ஜ் குற்றவாளியா? வகுப்பில் ஒரு பகுதி அரசுத் தரப்பு, ஒரு பகுதி எதிர்த்தரப்பு, சிலர் சாட்சிகள். புத்தகத்தில் இல்லாத எதையும் சாட்சி சொல்லக் கூடாது என்பதே விதி. அந்த விதிதான் பயிற்சிக்கு உயிர். தப்பவிடலாமே என்று கேட்பவர் எந்த வழியில் தப்புவது என்று பக்கம் காட்ட வேண்டும். வேறொரு பிரிவு மாணவர்களை நடுவர் குழுவாக உட்கார வைக்கும்போது இன்னும் கூர்மை ஏறும், ஏனென்றால் அவர்களுக்குக் கதை தெரியாது. கதை தெரியாதவருக்குப் புரியவைப்பது போலத் தெளிவைக் கற்றுத்தரும் பயிற்சி வேறெது?

வசதியே இல்லாத வகுப்புக்கும் ஏற்ற ஒன்று, செய்தித்தாளில் மை பூசிக் கவிதை எடுப்பது. ஆங்கிலேய ஓவியர் டாம் ஃபிலிப்ஸ் 1966இல் பழைய மரச்சாமான் கிடங்கில் கிடைத்த ஒரு விக்டோரியன் நாவலின் பக்கங்களின் மேல் ஓவியம் தீட்டி, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சொற்களை மட்டும் மிச்சம் வைத்தார். அமெரிக்க எழுத்தாளர் ஆஸ்டின் கிளியோன் நாளிதழையும் கறுப்பு மார்க்கரையும் வைத்து அதையே செய்து 2010இல் புத்தகமாக்கினார். இப்போது பல ஆங்கில வகுப்புகளில் இது நடக்கிறது. தமிழிலேயே செய்து பார்க்கலாம். ஊர்ப் பக்கத்தில் வருவதுபோல ஒரு மின்தடை அறிவிப்பை வைத்துக்கொள்வோம்:

'நாளை காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை பராமரிப்புப் பணி நடைபெறுவதால் பஜார் தெரு, கோயில் தெரு, பழைய பள்ளிக்கூடத் தெரு ஆகிய இடங்களில் மின்சாரம் இருக்காது. பணி முடிந்ததும் மீண்டும் இணைப்பு வழங்கப்படும் என்று அதிகாரிகள் தெரிவித்தனர்.'

மார்க்கரை எடுத்து மற்றதையெல்லாம் அழித்துவிட்டால் மிஞ்சுவது:

மாலை
பழைய பள்ளிக்கூடத் தெரு
இருக்காது
மீண்டும்

ஒரு சொல்லையும் சேர்க்கவில்லை, வரிசையும் மாறவில்லை. எனக்கு எழுத வராது என்று சொல்லும் பிள்ளைக்கு இது பெரிய தைரியம் கொடுக்கும், ஏனென்றால் வெறும் தாள் அங்கே பயமுறுத்துவதில்லை. சொற்கள் ஏற்கெனவே தாளில் இருக்கின்றன, தேர்ந்தெடுப்பது மட்டுமே அவர் வேலை. ஆங்கிலத்தில் சொல்வளம் குறைந்த மாணவருக்கு இது இன்னும் பொருந்தும்.

மனப்பாடத்தையும் இந்தப் பேச்சில் தள்ளிவைத்துவிடக் கூடாது. 2006 முதல் அமெரிக்கா முழுவதும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக நடக்கும் 'போயட்ரி அவுட் லவுட்' போட்டி முழுக்க முழுக்கக் கவிதையை மனப்பாடமாகச் சொல்லும் போட்டிதான். அரசின் கலை நிதி அமைப்பும் கவிதை அறக்கட்டளையும் சேர்ந்து நடத்துகின்றன. தேசிய வெற்றியாளருக்கு 20,000 டாலர். கவிதையை மாணவரே தேர்ந்தெடுக்கிறார், அதோடு மாதக்கணக்கில் வாழ்கிறார், கை கால் ஆட்டி நடிக்காமல் குரலால் மட்டும் பொருளைக் கொண்டுவருகிறார். கேட்க அரங்கு நிறைய ஆட்கள் இருக்கிறார்கள். திருக்குறளை இப்படிச் சொல்லக் கேட்ட தமிழருக்கு இது புதிதாக இருக்காது.

எழுதியதற்குப் பதில் வந்தால் என்ன ஆகும் என்பதைக் கலிபோர்னியாவின் லாங் பீச் நகரம் பார்த்தது. 1994இல் உட்ரோ வில்சன் உயர்நிலைப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஆங்கில ஆசிரியை எரின் குருவெல். கும்பல் சண்டை, துப்பாக்கிச் சூடு, இனப்பகை இவற்றுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகள் அவர் வகுப்பில் இருந்தார்கள். ஒருநாள் ஒரு கறுப்பின மாணவனின் உதடுகளைப் பெரிதாக வரைந்து கேலிச்சித்திரமாகக் கைமாற்றினார்கள். நாஜிகள் யூதர்களை இப்படித்தான் வரைந்தார்கள் என்று குருவெல் கோபத்தோடு சொன்னார். யூதப் படுகொலையைப் பற்றி அநேகமாக யாரும் கேள்விப்பட்டதே இல்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பையும், சரயேவோ போருக்குள் இருந்து எழுதிய சிறுமி ஸ்லாட்டா ஃபிலிபோவிச்சின் நாட்குறிப்பையும் படிக்கக் கொடுத்தார். புத்தகம் வாங்கப் பள்ளியில் பணம் இல்லாததால் பகுதிநேர வேலைகளுக்குப் போனார்.

பிறகு பிள்ளைகள் கையிலும் குறிப்பேடு கொடுத்தார். பெயர் போட வேண்டாம், எண் மட்டும் போதும். வீட்டில் நடப்பதை, தெருவில் பார்த்ததை, யாரிடமும் சொல்லாததை எழுதினார்கள். ஸ்லாட்டாவுக்குக் கடிதம் எழுதுவது எழுத்துப் பயிற்சியாகத்தான் தொடங்கியது. பிள்ளைகளோ அவரை வரவழைத்தே தீருவது என்று நின்று, பணம் திரட்டி லாங் பீச்சுக்கு அழைத்தார்கள். ஸ்லாட்டா வந்தார். ஆன் ஃபிராங்க் குடும்பத்தை மறைத்துவைத்துக் காப்பாற்ற முயன்ற மீப் கீஸும் வந்தார். தேறமாட்டார்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்த அந்த 150 பேரும் பள்ளிப் படிப்பை முடித்தார்கள். நாட்குறிப்புகள் 1999இல் 'தி ஃப்ரீடம் ரைட்டர்ஸ் டைரி' என்று புத்தகமாயின. 2007இல் ஹிலரி ஸ்வாங்க் நடித்துத் திரைப்படமும் வந்தது.

படம் பார்த்தவர்கள் ஓர் ஆசிரியையின் தியாகத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். ஆசிரியர்கள் எல்லோரும் இரண்டாவது வேலைக்குப் போய்ப் புத்தகம் வாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். அந்த வகுப்பிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பெயரில்லாத அந்த எண். சொந்த வாழ்க்கையை எழுதச் சொல்லும் எந்த ஆசிரியரும் முதலில் செய்ய வேண்டிய ஏற்பாடு அது. அடி வாங்கியதைப் பற்றி எழுதிய பிள்ளையின் தாளை வகுப்பில் உரக்கப் படித்துவிட்டால் அந்தப் பிள்ளை மறுபடி உண்மையை எழுதாது. எழுதியதை யாரிடம் காட்டுவது, எதைக் காட்டாமல் மடித்துவைப்பது என்பது எழுதியவரின் உரிமை என்று வகுப்பில் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

தமிழ்நாட்டின் 10ஆம் வகுப்பு ஆங்கில வினாத்தாளைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். விளம்பரம் தயாரிப்பது, அறிவிப்பு எழுதுவது, படத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்வது, கடிதம், வரைபடத்தைப் பார்த்து வழிகாட்டுவது என்று எத்தனை படைப்பு வேலைகள்! இந்தப் பாடத்திட்டத்தை வகுத்தவர்களுக்குப் பிள்ளைகள் சொந்தமாக எழுத வேண்டும் என்ற எண்ணம் இருந்திருக்கிறது. நடப்பது வேறு. கைடில் ஒரு மாதிரி விளம்பரம் இருக்கும். துணிக்கடைக்கும் அதுதான், செல்போன் கடைக்கும் அதுதான், கடைப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் மதிப்பெண் விழும். பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன செய்ய? அந்த விளம்பரத்தைப் பார்த்து எவரும் கடைக்கு வரப்போவதில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அதே பாடநூலில் அருமையான கதைகள் இருக்கின்றன. ஜேம்ஸ் தர்பரின் 'தி நைட் தி கோஸ்ட் காட் இன்' என்ற நகைச்சுவைக் கதையை எடுத்துக்கொள்வோம். நள்ளிரவில் கீழே சாப்பாட்டு மேசையைச் சுற்றி யாரோ நடக்கும் ஓசை. கதைசொல்லும் பையன் முதலில் திருடனென்று நினைத்துப் பிறகு பேயென்று நடுங்குகிறான், அம்மா திருடனென்று முடிவுகட்டுகிறாள். போலீஸைக் கூப்பிடத் தொலைபேசி கீழே இருக்கிறது, இறங்கப் பயம். பக்கத்து வீட்டுக்காரரை எழுப்ப அவர் ஜன்னலைப் பார்த்துச் செருப்பை வீசி எறிகிறாள், கண்ணாடி நொறுங்குகிறது. போலீஸ் வந்து கதவை உடைக்கிறது, வீட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தேடுகிறது. பரணில் தூங்கிய தாத்தா, வந்தவர்களைப் போர்க்களத்திலிருந்து ஓடிவந்த சிப்பாய்கள் என்று நினைத்து ஒரு போலீஸ்காரரைத் தோளில் சுட்டுவிடுகிறார். விடிந்ததும் ஒன்றும் நடக்காததுபோலச் சாப்பிட வந்து உட்கார்கிறார்.

இதற்குக் கேள்வி பதில் எழுதவைப்பதற்கு முன்னால் இரண்டு பாடவேளை ஒதுக்கினால் போதும். 'ஏ' பிரிவை நான்காகப் பிரிக்கலாம். ஒரு குழு ஜன்னல் உடைந்த பக்கத்து வீட்டுக்காரரின் புகார் மனுவை எழுதட்டும். இன்னொரு குழு, சுடப்பட்ட போலீஸ்காரர் சிகிச்சை முடிந்து வந்து மேலதிகாரிக்குக் கொடுக்கும் அறிக்கையை எழுதட்டும். மூன்றாவது குழு உள்ளூர் நிருபரின் செய்தியை, நான்காவது குழு தாத்தா தன் பழைய படைத் தோழருக்கு எழுதும் கடிதத்தை. நடந்தது ஒரே சம்பவம், ஆனால் நான்கு பேருக்கும் நான்கு விதமான ஆங்கிலம் வேண்டும். போலீஸ்காரரின் அறிக்கைக்குச் செயப்பாட்டுவினை வேண்டும், மணி, நிமிடம் வேண்டும். தாத்தாவுக்குக் கோபம் வேண்டும், பழம்பெருமை வேண்டும். புகார் மனுவுக்கு உடைந்த கண்ணாடியின் விலை வேண்டும். தேர்வில் கேட்கும் அதே கடித வடிவத்தை, அதே செயப்பாட்டுவினையைத்தான் அவர்கள் பழகுகிறார்கள்.

50 பேர் எழுதியதை ஓர் ஆசிரியர் எப்படித் திருத்துவது என்ற கேள்வி நியாயமானது. ஒவ்வொரு குழுவுக்குள்ளும் நான்கு நான்கு பேராகச் சேர்ந்து எழுதினால் 50 தாள் 12, 13 ஆகிவிடும். எல்லாப் பிழையையும் ஒரே நாளில் வட்டமிட வேண்டியதில்லை. இந்த முறை இறந்தகால வினைகளை மட்டும் பார்க்கப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். பீட்டர் எல்போ என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1973இல் எழுதிய 'ரைட்டிங் விதவுட் டீச்சர்ஸ்' நூலில் 10 நிமிடம் கையை நிறுத்தாமல், அடித்துத் திருத்தாமல் எழுதும் பயிற்சியைப் பரிந்துரைத்தார். அதற்கு மதிப்பெண்ணே கிடையாது. வகுப்பின் முதல் 10 நிமிடத்தை அதற்குக் கொடுத்தால் இரண்டாவது வரைவு கைக்கு வரும்போது பாதிப் பிழைகளைப் பிள்ளையே பார்த்துத் திருத்தியிருக்கும்.

'ஏ' பிரிவின் புகார் மனுக்கள் தயாரானதும் ஆசிரியர் அவற்றை மேசையில் அடுக்கிவைத்துக்கொள்ள வேண்டாம். உறையில் போட்டு, பக்கத்து வகுப்புக்கு அனுப்பிவிடலாம். 'பி' பிரிவுதான் காவல் நிலையம். மனுவில் முகவரி இல்லை, சம்பவம் நடந்த நேரம் தெளிவாக இல்லை, செருப்பை வீசியது அம்மாவா பையனா என்று புரியவில்லை என்று அவர்கள் ஆங்கிலத்தில் பதில் எழுதித் திருப்பி அனுப்பட்டும். மறுநாள் முதல் பாடவேளையில் அந்தப் பதிலைப் பிரித்துப் படித்துவிட்டு, மனுவை மறுபடி எழுத வேண்டியது 'ஏ' பிரிவின் வேலை.